தசை வளர்க்கும் உணவு: வீட்டில் யாருக்கு எவ்வளவு?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைய தலைப்பைக் கேட்டதும், "இது ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளுக்கான பேச்சு, நமக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். அறக்கட்டளைக்கு வந்து போகும் தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விதான் இந்தத் தலைப்பை எடுக்க வைத்தது. "பையன் உடம்பை ஏற்ற வேண்டும் என்கிறான். புரோட்டீன் பவுடர் டப்பா கேட்கிறான். வாப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணத்தில் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் அதற்கே போய்விடுகிறது. வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?" இதுதான் அந்தக் கேள்வி.

அதற்கு இன்று பதில் சொல்கிறோம். கூடவே, அதே வீட்டில் இருக்கும் உம்மாவைப் பற்றியும் வாப்பும்மாவைப் பற்றியும் பேசப் போகிறோம். தசைக்கு வேண்டிய உணவு வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரியதாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி.

தசை எதற்கு?

தசை என்றதும் புஜத்தை மடக்கிக் காட்டும் படம்தான் நம் பிள்ளைகளின் மனதில் வருகிறது. தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுவதற்கும், மாடிப்படி ஏறுவதற்கும், தண்ணீர்க் குடம் தூக்குவதற்கும், கால் தடுக்கினால் விழாமல் சமாளிப்பதற்கும் தசைதான் வேண்டும். தொழுகையில் ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழுவதைக் கவனியுங்கள். உடம்பின் மொத்த எடையையும் தொடைச் சதைதான் மேலே தூக்குகிறது. நம் பள்ளிவாசல்களில் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதைப் பார்க்கிறோம். முழங்கால் மூட்டுத் தேய்மானம் அதற்கு ஒரு காரணம். தொடைச் சதை மெலிந்து போவது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை நம்மால் ஓரளவு தள்ளிப்போட முடியும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நாம் சாப்பிட்ட சோறு இரத்தத்தில் சர்க்கரையாக மாறியதும், அதில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அந்தச் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. ஆகவே சர்க்கரை உள்ளவர் தன் தசையைக் காப்பாற்றிக்கொள்வது மருந்தோடு சேர்ந்த சிகிச்சைதான்.

நாற்பது வயதைத் தாண்டினால், நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால், தசை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும். அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாகக் குறையும். எடை பார்க்கும் இயந்திரத்தில் இது தெரியாது. சதை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை அப்படியே இருக்கும். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் வீட்டுக்கு விஷயம் தெரிகிறது.

தசை எப்படி வளர்கிறது?

இதற்கு மூன்று வேண்டும்: தசைக்கு வேலை, போதுமான உணவு, நல்ல உறக்கம். எடை தூக்கும்போதோ, தண்டால் எடுக்கும்போதோ, படி ஏறும்போதோ தசைக்கு வழக்கத்தை விடச் சற்று அதிகமாக வேலை கொடுக்கிறோம். உடம்பு அதை உணர்ந்து, அடுத்த முறைக்கு இன்னும் உறுதியாகத் தசையைக் கட்டுகிறது. கட்டுவதற்கு வேண்டிய செங்கல் புரதம். வேலையே கொடுக்காமல் புரதத்தை மட்டும் சாப்பிட்டால் தசை கூடாது. தேவைக்கு மேல் போன புரதம் எரிபொருளாகவோ கொழுப்பாகவோதான் மாறும்.

சோற்றை அறவே விட்டுவிடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உடம்புக்கு அன்றாடம் வேண்டிய சக்தி சோறு, ரொட்டி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து கிடைக்காவிட்டால், உடம்பு புரதத்தை எடுத்து எரிக்கத் தொடங்கும். வீடு கட்ட வாங்கி வைத்த மரத்தை அடுப்பில் போட்டு எரிப்பது போன்ற வேலை அது. அளவான சோறு தசைக்கு எதிரி கிடையாது.

உறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை, வீட்டிலுள்ள தாய்மார்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணி வரை கைப்பேசி, காலையில் அவசரமாக ஒரு டீ, மாலையில் ஜிம். இப்படி இருந்தால் எந்த டப்பாவும் உதவாது. இளைஞர்களுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும்.

பொறுமையும் வேண்டும். ஒழுங்காகப் பயிற்சி செய்தால் சில வாரங்களில் பலம் கூடுவது தெரியும். கண்ணுக்குத் தெரியும்படி சதை ஏற இரண்டு மூன்று மாதமாவது ஆகும். முப்பது நாளில் உடம்பு ஏறும் என்று யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல்நலமுள்ள பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம்.

எடை தூக்கும் பயிற்சி செய்யும் இளைஞருக்குக் கிலோவுக்கு 1.2லிருந்து 1.6 கிராம் வரை போதும். 60 கிலோ எடையுள்ள பையனுக்கு 72லிருந்து 96 கிராம். 1.6 கிராமுக்கு மேல் போனால் பெரிதாகப் பலன் கூடுவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு 1லிருந்து 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு வாப்பும்மாவுக்கு 50லிருந்து 60 கிராம். கிலோ கணக்கில் பார்த்தால், சும்மா இருக்கும் இளைஞனை விட வயதான தாய்க்கு அதிகம் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதற்கு மேலும் வேண்டும். அதே 2020 பரிந்துரையில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நாளொன்றுக்குக் கூடுதலாக 22 கிராமும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் கூடுதலாக ஏறத்தாழ 17 கிராமும் சொல்லப்பட்டிருக்கிறது. பிரசவமான பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் பருப்பையும் மீனையும் முட்டையையும் நிறுத்தும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் அடுப்படியில் என்ன இருக்கிறது?

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், 6 கிராம். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் 20 கிராமுக்குச் சற்று மேல். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் ஏறத்தாழ அதே அளவுதான். மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்கள் 100 கிராமில் 18லிருந்து 22 கிராம் வரை. விலையுயர்ந்த வஞ்சிரத்தில் கூடுதலாக எதுவும் இல்லை. மத்தியில் நல்ல கொழுப்பும் அதிகம், விலையும் குறைவு.

இறைச்சி வாங்க முடியாத நாளைக்கும் வழி இருக்கிறது. 30 கிராம் துவரம்பருப்பிலோ பாசிப்பருப்பிலோ 6, 7 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 6 கிராம். சோயா உருண்டை 30 கிராமில் 15 கிராம். இவையெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடைக் கணக்கு. பருப்பையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடுவதில் ஒரு நன்மை உண்டு. அரிசிப் புரதத்தில் குறையும் ஒரு சத்து பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும்.

இப்போது 60 கிலோ எடையுள்ள ஜிம் பையனின் ஒரு நாளைக் கணக்குப் போடுவோம். காலைப் பசியாறலுக்கு நாலு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால்: 26 கிராம். மதியம் சோறு, பருப்பு, 100 கிராம் மீன்: 33 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 7 கிராம். இரவு மூன்று சப்பாத்தி, 75 கிராம் கோழிக்கறி, ஒரு கிண்ணம் தயிர்: 27 கிராம். கூட்டினால் 93 கிராம் வருகிறது. டப்பா எங்கே தேவைப்பட்டது?

விலையையும் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ பவுடரில் சுமார் 30 கரண்டி. கரண்டிக்கு 24 கிராம் என்றால் மொத்தம் 720 கிராம் புரதம். அதற்கு 2,100 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முட்டை 7 ரூபாய் என்றால் அதே பணத்துக்கு 300 முட்டை. 1,800 கிராம் புரதம், இரண்டரை மடங்கு. அந்த முட்டையை வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம். பவுடர் டப்பாவை ஒருவர்தான் சாப்பிடுகிறார்.

நம் சாப்பாட்டு முறையில் கவனிக்க வேண்டியவை

"எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கறி. எங்களுக்கு என்ன குறை?" என்று சிலர் கேட்பீர்கள். கறி சமைக்கிறோம் என்பது உண்மை. யார் தட்டில் விழுகிறது என்று பார்த்தால்தான் நிலைமை தெரியும். முதலில் விருந்தாளி, அப்புறம் வீட்டு ஆண்கள், அப்புறம் பிள்ளைகள். கடைசியாக உட்காரும் உம்மாவுக்குச் சட்டியில் மிஞ்சுவது ஆணமும் ஒரு உருளைக்கிழங்கும். ஆணத்தில் மணம் இருக்கும், எண்ணெய் இருக்கும், புரதம் இருக்காது. அது துண்டோடு போய்விட்டது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்தவருக்கு இதமாக இருக்கும், தெம்பாக இருக்கும். ஆனால் அதில் இறங்கும் புரதம் குறைவு. அதுவும் எலும்பிலிருந்தும் ஜவ்விலிருந்தும் வரும் புரதம் என்பதால் தசை கட்டத் தேவையான எல்லாச் சத்தும் அதில் இல்லை. சூப்பைக் குடித்துவிட்டுக் கறிச் சாப்பிட்ட கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பரோட்டா சால்னாவும் அப்படித்தான். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் வயிற்றை நிரப்பும், தசைக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். தாளிச்சா நம் சமையலில் உள்ள அருமையான உணவு. பருப்பும் கறியும் காயும் ஒரே சட்டியில் சேர்கின்றன. அதைக் கல்யாண வீட்டோடு நிறுத்தாமல் வாரம் ஒரு முறை வீட்டில் செய்யலாம்.

இன்னொன்று, நேரத்தைப் பற்றியது. காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மதியம் சோறும் ரசமும், இரவில் மொத்தக் கறியும் என்று இருக்கும் வீடுகள் உண்டு. தசை கட்டுவதற்கு ஒவ்வொரு வேளையும் 20லிருந்து 30 கிராம் என்று பிரித்துச் சாப்பிடுவது நல்லது. காலையில் ஒரு முட்டையைக் கூட்டினாலே பாதிக் காரியம் முடிந்தது.

பெரியவர்களின் தட்டு

வயதானவர்களுக்குப் பல் இல்லை என்று சொல்லி, டீயும் ரஸ்க்கும், கஞ்சியும் துவையலும் கொடுத்தே நாளை ஓட்டுகிறோம். அவர்களும் "எனக்கு இது போதும், பிள்ளைகளுக்குக் கொடு" என்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பல் இல்லாதவருக்கும் புரதம் கொடுக்க முடியும். கொத்துக்கறியை நன்றாக வேகவைத்துக் கஞ்சியில் சேர்க்கலாம். முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். முட்டையைக் கலக்கி மென்மையாகப் பொரிக்கலாம். கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்துக் காய்ச்சலாம். இரவு படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடுக்கலாம். பசி குறைந்தவர்கள் முதலில் கஞ்சியால் வயிற்றை நிரப்பிவிட்டால் மற்றது இறங்காது. முதல் நாலு கவளம் முட்டையோ மீனோ பருப்போ ஆக இருக்கட்டும், சோறு பின்னால் வரட்டும்.

உணவோடு அசைவும் வேண்டும். உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஊன்றிக்கொண்டே தொடங்கலாம். பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணினால் அவர்களுக்கு மகிழ்ச்சி. இதய நோயோ கடுமையான மூட்டு வலியோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நம் பெண்கள் வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பதும், வெளியே போனால் முழுக்க மூடிச் செல்வதும் வைட்டமின் டி குறைய ஒரு காரணம். அது மிகவும் குறைந்தால் தொடை, இடுப்புச் சதை வலிக்கும், தரையிலிருந்து எழுவதே சிரமமாகும். மொட்டை மாடியில் மறைவான இடத்தில், வெயில் நேரத்தில் கைகால், முகத்தில் கால் மணி நேரம் வெயில் படட்டும். துணி காயப்போடும் நேரத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரையை நாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

டப்பாவும் ஊசியும்

புரோட்டீன் பவுடர் விஷம் என்று நாம் சொல்லவில்லை. அது பாலிலிருந்தும் சோயாவிலிருந்தும் பிரித்தெடுத்துக் காய வைத்த புரதம், அவ்வளவுதான். நோயில் கிடந்து சாப்பிட முடியாதவர்களுக்கு மருத்துவரே எழுதிக் கொடுப்பதும் உண்டு. உடம்பு ஏற்றுவதற்காக இதை வாங்க வேண்டாம் என்று 2024இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி சொல்கிறது. உணவிலேயே கிடைப்பதை ஏன் இரண்டு மடங்கு விலைக்கு வாங்க வேண்டும்?

அப்படியும் வாங்குவதாக இருந்தால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லறையாகப் பிரித்துப் பையில் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள். ஹலால் பற்றிக் கேட்பவர்களுக்கு: 'வே' எனப்படும் பவுடர், பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரிலிருந்து வருகிறது. பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படலாம், நுண்ணுயிரிகளிலிருந்தும் எடுக்கப்படலாம். மருந்துக் கேப்ஸ்யூல்களின் உறையில் உள்ள ஜெலட்டினும், கொலாஜன் பவுடரும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ மீனிலிருந்தோ வரலாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் உலமாக்களிடம் கேளுங்கள். முட்டைக்கும் பருப்புக்கும் இந்தக் கேள்வியே எழாது.

ஊசி விஷயத்தில் நாம் இவ்வளவு மென்மையாகப் பேசப் போவதில்லை. சீக்கிரம் உடம்பு ஏறும் என்று சொல்லிச் சில இடங்களில் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் கைமாறுகின்றன. இவை ஆண் ஹார்மோனின் செயற்கை வடிவங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்திய பிறகும் அது திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மார்பு பெண்களைப் போல வீங்குவதும், முகம் முதுகெல்லாம் பரு வருவதும், இரத்த அழுத்தம் ஏறுவதும், கல்லீரலும் இதயமும் கெடுவதும் உண்டு. ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் சேர்ந்து வரும். திருமணமாகிக் குழந்தைக்காக ஏங்கும் நாளில், இருபது வயதில் போட்ட ஊசியை நினைத்து அழுவதால் பயன் இல்லை.

பெற்றோரே, பையனின் உடம்பு திடீரென்று ஏறி, முகத்தில் பருவும் பேச்சில் எரிச்சலும் கூடினால் அமைதியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அடித்தால் மறைப்பான். ஊசி போட்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அவமானம் என்று மூடி வைக்காதீர்கள்.

நோன்புக் காலத்தில்

ரமளானில் தசை போய்விடும் என்று பயந்து கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸஹரிலும் இரவிலும் புரதத்தைச் சரியாகப் பிரித்துச் சாப்பிட்டு, பயிற்சியை அறவே விடாமல் குறைத்துச் செய்தால் ஒரு மாதத்தில் பெரிதாக ஒன்றும் போகாது. இஃப்தாரில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்புக் கஞ்சியும் போதும். கஞ்சியில் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் கூடுதலாகச் சேர்த்தால் நல்லது. சமோசாவும் வடையும் பஜ்ஜியும் வயிற்றை அடைத்துவிட்டால் அப்புறம் முட்டைக்கும் மீனுக்கும் இடமிருக்காது. தராவீஹுக்குப் பிறகு ஒரு முழுச் சாப்பாடு. ஸஹரில் சோற்றோடு தயிர், இரண்டு முட்டை அல்லது பருப்பு. பகல் வெயிலில் நோன்போடு எடை தூக்க வேண்டாம். இஃப்தார் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் செய்யலாம். இரவு முழுக்கத் தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள்.

எச்சரிக்கை ஒன்று

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. சிறுநீரகம் பழுதானவர்கள் புரதத்தைக் கூட்டினால் கெடுதல். நீண்ட நாள் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தெரியாமலே சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமினும், இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முடிவைக் காட்டி, "எனக்கு எவ்வளவு புரதம் சாப்பிடலாம்?" என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நாம் கேட்டுக்கொள்வது

இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலாவது, கறி சமைக்கும் நாளில் சட்டியை இறக்கியதும் துண்டுகளை எண்ணி, உம்மாவுக்கும் வாப்பும்மாவுக்கும் உரிய பங்கை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். இந்த வேலையை ஜிம்முக்குப் போகும் பையனிடமே கொடுங்கள். புரதக் கணக்கு அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டாவது, டப்பாவுக்குப் போகும் பணத்தை முட்டைக்கும் மீனுக்கும் கடலைக்கும் மாற்றிப் பாருங்கள். மூன்றாவது, வீட்டுப் பெரியவர் கையை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று இன்றைக்கு எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் மறுபடி எண்ணுங்கள்.

அறக்கட்டளையின் பங்கையும் சொல்லிவிடுகிறோம். ஏழைக் குடும்பங்களுக்கு நாம் கொடுக்கும் ரமளான் உணவுப் பொட்டலத்தில் இந்த ஆண்டு முதல் மைதா, சேமியா, சர்க்கரை ஆகியவற்றின் அளவைக் குறைத்து, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா உருண்டை ஆகியவற்றைக் கூட்டுகிறோம். தனியாக வாழும் முதியவர்களுக்கு வாரந்தோறும் முட்டை கொடுக்கவும் விரும்புகிறோம். ஒரு முதியவருக்கு நாளைக்கு ஒரு முட்டை என்றால் மாதம் 30 முட்டை. ஒரு டப்பாவின் விலையில் பத்துப் பேருக்கு ஒரு மாதம் கொடுத்துவிடலாம். ஜிம் இளைஞர்கள் இந்த வேலையில் நமக்குத் துணை நிற்க வேண்டும். வீடு வீடாக முட்டை கொண்டுபோய்ச் சேர்க்கும்போது, அந்தப் பெரியவர்களை நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரவும் வையுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதும் கேட்கலாம், அலுவலகத்துக்கு வந்தும் கேட்கலாம். பெண்கள் கேட்பதற்குப் பெண் தொண்டர்கள் இருக்கிறார்கள்.